வியாழக்கிழமை ஓடினது ஆர்

பயப்படுவதில் குருநகரில் யசிந்தாவை மிஞ்ச ஆளில்லை. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவன் படலையைத் தட்டினாலே நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தால், அது அடித்து ஓயும்வரை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். "உன்னைப் பயப்படுத்த ஆள் தேவையில்லை, ஒரு கடித உறையே காணும்" என்று அவளுடைய கணவர் பகிடி பண்ணுவார். மனிசன் பகிடிக்குச் சொன்னதுதான், ஆனால் கடைசியில் வந்தது கடித உறைதான்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. கரையோரமெங்கும் நண்டு வாங்கி, ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிற கம்பனி ஒன்றில் பதினொரு வருடமாக எழுதுவினைஞர் வேலை. அங்கே ஒரேயொரு வாகனம். பின்னால் குளிர்ப்பெட்டி வைத்த வெள்ளை லொறி. எல்லோரும் அதைக் கூலர் என்பார்கள். அதற்குச் சாரதிகள் இரண்டு பேர். செவ்வாய், வியாழன், சனி பிரணவனுடைய நாள்கள். மற்ற மூன்று நாளும் ஜெரோசன். எந்த நாள், யார் ஓடினது, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது என்பதையெல்லாம் 'றன்னிங் சாட்' என்ற நீளத்தாளில் எழுதிச் சாரதியிடம் கையெழுத்து வாங்கி வைப்பது யசிந்தாவின் வேலை. அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு வெட்டு, ஒரு திருத்தம் இருக்காது. கொழும்பிலிருந்து கணக்காய்வுக்கு வந்தவர்களே அந்தச் சாட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் அந்த வடிவான சாட்டில் வருடத்துக்கு இரண்டு நாள் பொய் இருந்தது.

பிரணவன் மயிலிட்டிப் பக்கத்துக் கடற்காரக் குடும்பம். தகப்பன் கடலிலேயே செத்தவர். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகித் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாவிட்டால் அவனுக்கு வருடமே விடியாது. ஜெரோசன் குருநகர்ப் பெடியன். யாகப்பர் திருநாளன்று புனிதருடைய சுருவத்தைத் தோளில் தூக்காமல் லொறி ஓடப் போனான் என்றால் தாய் அவனுக்குச் சோறு போடமாட்டாள். கொழும்புத் தலைமையகத்தில் இருக்கிறவர்களுக்கு இது இரண்டும் விளங்காது. ஆடி மாதம் நண்டு படுகிற காலம், லீவு கேட்கவே கூடாது என்பது அவர்களுடைய சட்டம். ஒரு நாள் வராவிட்டால் அந்த மாதத்து வரவுப்படியும் போய்விடும். ஆகவே இருவரும் நாளை மாற்றிக்கொள்வார்கள். இவனுடைய நாளில் அவன் ஓடுவான், அவனுடைய நாளில் இவன். சாட்டில் மட்டும் பெயர் மாறாது.

இதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. அந்தக் கரையில் அது உதவி. ஆமியின் பாஸ் இல்லாமல் கடலுக்கு இறங்க முடியாத யுத்த காலத்தில், காய்ச்சல்காரனுடைய பாஸில் பக்கத்து வீட்டுக்காரன் தொழிலுக்குப் போனான். பாஸில் ஒரு பெயர், வள்ளத்தில் வேறொரு ஆள். அப்படிப் போய் மீன் கொண்டுவந்துதான் எத்தனையோ அடுப்பு எரிந்தது. அதைத் தெரிந்த பிள்ளைகள்தான் இப்போது கூலர் ஓடுகிறார்கள், சாட் எழுதுகிறார்கள்.

இந்த முறை அமாவாசை வியாழக்கிழமை விழுந்தது, அடுத்த நாளே யாகப்பர் திருநாள். புதன்கிழமை பின்னேரம் இருவரும் சேர்ந்து யசிந்தாவின் மேசைக்கு வந்தார்கள். "நாளைக்கும் நாளையிண்டைக்கும் நாங்கள் மாறுறம் அக்கா" என்று பிரணவன் சொன்னான். "என்னவோ செய்யுங்கோ, எனக்கொண்டும் தெரியாது" என்று யசிந்தா வழக்கம்போலச் சொன்னாள். வியாழக்கிழமைக்கு நேரே பிரணவன், வெள்ளிக்கிழமைக்கு நேரே ஜெரோசன் என்று சாட்டில் எழுதினாள். கையெழுத்தும் முன்கூட்டியே வாங்கிவிட்டாள்.

கடிதம் வந்தது ஓகஸ்ட் மாதம் பன்னிரண்டாம் திகதி. சாவகச்சேரிப் பொலிஸ், போக்குவரத்துப் பிரிவு. உறையை அவள் இரண்டு தரம் மேசையில் வைத்துவிட்டுத்தான் பிரித்தாள். ஜூலை இருபத்துநான்காம் திகதி, வியாழக்கிழமை, காலை ஐந்து ஐம்பதுக்கு, ஏ ஒன்பது வீதியில், சைக்கிளில் வாழைக்குலை கொண்டுபோன முத்துக்குமாரு என்பவரை ஒரு வெள்ளை லொறி இடித்துவிட்டு நில்லாமல் போயிருக்கிறது. ஆளுக்குத் தொடை எலும்பு முறிவு. கடையொன்றின் கமராவில் லொறியின் இலக்கம் விழுந்திருக்கிறது, ஓடியவரின் முகம் விழவில்லை. வாகனத்தின் சொந்தக்காரர் என்ற முறையில், அந்த நேரத்தில் அதை ஓட்டியவர் யார் என்பதைக் கம்பனி எழுத்தில் அறிவிக்கவேண்டும். அடுத்த திங்கட்கிழமைக்குள்.

வியாழக்கிழமை. பிரணவனுக்குப் பதிலாக ஜெரோசன் ஓடுவதாக இருந்த நாள்.

ஜெரோசன் அவளுக்கு வெறும் சாரதி இல்லை, ஞானப்பிள்ளை. ஞானஸ்நானத் தொட்டியடியில் அவனைக் கையில் ஏந்தி நின்றவள் அவள்தான். மாமி என்று கூப்பிடுவான். இந்த வேலையையும் அவள்தான் முகாமையாளரின் காலில் விழாத குறையாகக் கேட்டு எடுத்துக் கொடுத்தாள். போன வருடம் லவீனாவைக் கட்டியவன். எல்லாவற்றுக்கும் மேலாக, திருநாளுக்குப் பிறகு அவன் அவளைக் கண்டால் ஒதுங்கிப் போகிறான். முன்பெல்லாம் திறப்பைத் தர வருகிற சாக்கில் மேசையடியில் அரைமணித்தியாலம் நின்று கதைப்பவன், இப்போது திறப்பை வைத்துவிட்டு முகம் பாராமல் போகிறான். ஏன் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஏன் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

கடிதத்தை அவள் வாசிக்கும்போது பிரணவன் அறைக்குள் நின்றான். "என்ன அக்கா, முகமெல்லாம் வெளிறிப் போச்சு?" என்று கேட்டான். அவள் தாளை நீட்டினாள். அவன் நின்றநிலையில் வாசித்தான். வாசித்து முடித்த பிறகும் தாளைத் திருப்பித் தரவில்லை.

"சாட்டிலை என்ரை பேர்தானே அக்கா கிடக்கு?"

"ஓம் தம்பி."

அவன் தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். பாவம், செய்யாத குற்றத்துக்குத் தன் பெயர் போகப் போகிறதே என்று மனிதன் ஏங்கிப் போய்விட்டான் என யசிந்தா நினைத்தாள். அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். லைசன்சைப் பறித்தால் அந்த வீட்டில் யார் உழைப்பது?

முகாமையாளர் அடைக்கலநாதனுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையாகவே படவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கடிதத்தைப் பார்த்தார்.

"சாட் இருக்குத்தானே பிள்ளை?"

"இருக்கு சேர்."

"அதிலை ஆற்றை பேர்?"

"பிரணவன்."

"பிறகென்ன? ஒரு கொப்பி எடுத்து, சீல் குத்தி அனுப்பிவிடுங்கோ. மிச்சத்தைப் பொலிஸ் பாக்கட்டும். நாங்கள் ஏன் கிளறுவான்?"

"சேர், அண்டைக்கு..."

"எனக்கு ஒண்டும் சொல்லாதையுங்கோ." அவர் கையை உயர்த்தினார். "நீங்கள் சொன்னால் எனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சால் நான் கொழும்புக்கு எழுதவேணும்."

கெட்டிக்காரர்தான். அந்தக் கெட்டித்தனம் யசிந்தாவுக்குக் கிடைக்கவில்லை. சும்மா இருந்தால் போதும், சாட் தானாகப் பேசிவிடும். ஞானப்பிள்ளை தப்பிவிடுவான். அவள் கையால் எழுதிய ஒரு பெயர் இன்னொரு குடும்பத்தை விழுங்கும். உண்மையைச் சொன்னாலோ, தான் வளர்த்த பிள்ளையைத் தானே பொலிசில் கொடுத்தவள் ஆவாள்.

பொலிஸ், பெயர், காட்டிக்கொடுப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் அவளுக்குப் பதினெட்டு வயதுதான். அப்போது தகப்பன் நீக்கிலாப்பிள்ளை காய்ச்சலில் கிடந்தார். அவருடைய பாஸில் அயல்வீட்டு யாகோப்பு தொழிலுக்குப் போயிருந்தார். விடிய ஒரு ஏழு மணி இருக்கும். துவக்கோடு ஆமிக்காரர் மூன்று பேர் படலையில் நின்று, நீக்கிலாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். கடலுக்குப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கவேண்டும். அவளுக்கு நாக்குப் புரளவில்லை. "அப்பா உள்ளுக்குப் படுத்திருக்கிறார். பாஸிலை போனது யாகோப்பு மாமா" என்று உள்ளதை அப்படியே சொல்லிவிட்டாள். பிடிபட்ட யாகோப்பு பதினொரு மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். வந்தவர் எல்லோரோடும் கதைத்தார், அவளோடு மட்டும் கதைக்கவில்லை. அவளுடைய கல்யாணத்துக்கு வரவில்லை. சாகும்வரை ஒரே ஒழுங்கையில் இருந்துகொண்டு அவள் முகத்தைப் பார்க்காமலே செத்துப்போனார். அன்றிலிருந்து யாராவது ஒருவருடைய பெயரை அதிகாரிகளுக்குச் சொல்லவேண்டும் என்றால் அவள் பின்னால் போய் நின்றுவிடுவாள். சனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்களிடம்கூட அவள் கணவரைத்தான் கதைக்க விட்டாள்.

ஜெரோசனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவேண்டும் என்று செவ்வாய் நினைத்தாள், புதன் நினைத்தாள். புதன்கிழமை அவன் திறப்பை வைத்துவிட்டுத் திரும்பியபோது "தம்பி" என்று கூப்பிட்டே விட்டாள். அவன் நின்றான். திரும்பிய முகத்தில் இருந்த கலவரத்தைக் கண்டதும் அவளுக்குக் கேட்கப் பயம் வந்துவிட்டது. இல்லை என்று பொய் சொன்னால் அதைத் தாங்கமுடியாது. ஓம் என்று சொல்லிக் காலைப் பிடித்தால் அதைவிடத் தாங்கமுடியாது. "ஒண்டுமில்லை, போ" என்றாள். அவன் தப்பினேன் பிழைத்தேன் என்று போனான்.

பிரணவனோ நாளுக்கு நாள் காய்ந்துகொண்டு வந்தான். வியாழக்கிழமை லொறித் திறப்பை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றான். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினான். ஒரு குற்றமும் செய்யாத மனிதன் இப்படி உருகுவதைப் பார்த்துக்கொண்டு பூசைக்குப் போய் நற்கருணை வாங்குவது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். சாட்டில் உள்ள பெயர் பிழை, அன்று இரு சாரதிகளும் நாள் மாற்றிக்கொண்டார்கள், வாகனத்தை ஓட்டியவர் ஜெரோசன், பிழையாக எழுதியது நான் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். முத்து முத்தான எழுத்து அன்றைக்குக் கோணல்மாணலாகத்தான் வந்தது.

சனிக்கிழமை விடிய யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினாள். கைதடி தாண்டுமட்டும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தாள். நாவற்குழியிலேயே இறங்கியிருக்கலாமே என்று பிறகு யோசித்தாள். எழுதிய தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குள் போனாள். மேசையில் இருந்த அதிகாரி மரியாதையானவர். கதிரை காட்டினார், தண்ணீர் வேண்டுமா என்று கொச்சைத் தமிழில் கேட்டார். கடிதத்தை வாசித்தார்.

"ஜெரோசன். இவர்தான் ஓடினது, ஷுவர்?"

அவள் தலையை ஆட்டினாள்.

"வாயாலை சொல்லுங்க அம்மா."

"ஓம். ஜெரோசன்."

அவர் ஒரு புத்தகத்தில் பதிந்து, அவளிடம் கையெழுத்து வாங்கினார். திங்கட்கிழமை ஆளைக் கூப்பிடுவோம் என்றார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள்.

பொலிஸ் கூப்பிட முதல் தானே அவனிடம் சொல்லிவிடவேண்டும், இதையும் ஒளித்தால் தன்னைப்போலக் கேவலமானவள் இல்லை என்று திரும்பி வருகிற வழியெல்லாம் நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். நேரே ஜெரோசன் வீட்டுக்குப் போனாள். லவீனா தேத்தண்ணி போட எழும்பினாள். "ஒண்டும் வேண்டாம் பிள்ளை, நீயும் இரு" என்றாள் யசிந்தா. ஜெரோசன் மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு ஒயில் விட்டுக்கொண்டிருந்தவன், கையைத் துடைத்தபடி வந்தான்.

"தம்பி, உன்ரை பேரைப் பொலிசிலை குடுத்திட்டு வாறன்."

அவன் சிரித்தான். "ஏன் மாமி, என்ன களவெடுத்தனான்?"

"அமாவாசையண்டு சாவகச்சேரியிலை ஒரு மனிசனை இடிச்சது எங்கடை கூலர். இலக்கம் கமராவிலை கிடக்கு. நான் உண்மையைச் சொல்லாமல் விட்டால் பிரணவன் உள்ளுக்குப் போவான். என்னைப் பேசு, அடி. ஆனால் எனக்கு வேற வழி இல்லை."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு மெல்ல மெல்லப் போனது.

"மாமி, அமாவாசையண்டு நான் ஓடேல்லை."

"தம்பி..."

"ஓடேல்லை மாமி! விடியப்புறம் சோளகக் காத்துக்குக் கோயில் பந்தல் விழுந்து போச்சு. மூண்டரை மணிக்கு ஃபாதர் கோல் எடுத்தவர். நான் உடனை பிரணவன் அண்ணைக்கு அடிச்சுச் சொன்னன், அண்ணை என்னாலை வரேலாது எண்டு. சரி, நானே ஓடிப்போட்டு வந்து கீரிமலைக்குப் போறன் எண்டவர். பத்து மணிமட்டும் நான் பந்தலிலை நிண்டனான். முழுக் குருநகரும் கண்டது."

லவீனா வாயில் கை வைத்தாள். யசிந்தா கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சாட்டில் இருந்தது சரியான பெயர். பொய்யென்று அவள் முடிவுகட்டிய அந்த ஒரு வரி உண்மை. நாள் மாறியதும் தாளில் ஏறவில்லை, மாறாமல் போனதும் தாளில் ஏறவில்லை.

"அப்ப ஏனடா என்னைக் கண்டு ஒளிச்சனீ?"

அவன் லவீனாவைப் பார்த்தான். "கட்டாருக்குப் போக அலுவல் பாக்கிறன். நீங்கள் கெஞ்சி எடுத்துத் தந்த வேலை. விடப்போறன் எண்டு உங்களுக்குச் சொல்லப் பயம்." ஒயில் கையை மறுபடியும் துடைத்தான். "பொலிஸ் ரிப்போட்டுக்கு வாற கிழமை குடுக்கவேணும். என்ரை பேரிலை ஒண்டும் இருக்கக் கூடாது."

அதற்குப் பிறகு அவன் கேட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டான்.

"ஆளை இடிச்சுப் போட்டு ஓடுறவன் எண்டோ மாமி என்னை நினைச்சனீங்கள்? ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

அன்று சனிக்கிழமை, பிரணவனுடைய நாள். யசிந்தாவும் ஜெரோசனும் மோட்டார் சைக்கிளில் கம்பனி வளவுக்குள் வந்தபோது அவன் கூலரின் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நண்டுத் தண்ணீர் வளவெல்லாம் ஓடியது. ஜெரோசனோடு யசிந்தா இறங்குவதைக் கண்டான். போய்க் குழாயைப் பூட்டினான். அவர்கள் கேட்க முதல் அவனே தொடங்கினான்.

"நிப்பாட்டினனான் அக்கா" என்றான். "இறங்கினனான். மனிசன் காலைப் பிடிச்சுக்கொண்டு கத்துறார். கிட்டப் போகத்தான் வெளிக்கிட்டன். நாலைஞ்சு பேர் ஓடி வாறதைக் கண்டவுடனை எனக்கு ஒண்டும் தெரியேல்லை, ஏறி ஓடியிட்டன். வெள்ளன முடிச்சுப் போட்டுக் கீரிமலைக்குப் போகவேணும் எண்டு வேகமாய் விட்டு அடிச்சனான்..." அவன் சில்லடியில் குந்திவிட்டான். "போனன். கேணியடிமட்டும் போனன். அந்தக் கையாலை அப்பாவுக்குத் தண்ணி விடப் பயமாய்க் கிடந்தது. விடாமல் வந்திட்டன்."

யசிந்தாவுக்கு அவன்மேல் கோபம் வந்திருக்கவேண்டும். நான்கு நாளாக வாயைத் திறந்து திறந்து மூடிய அந்த முகத்தை எண்ணிப் பார்த்தாள். அவள் ஜெரோசனிடம் கேட்கப் பயந்ததுபோலத்தான் அவன் சொல்லப் பயந்திருக்கிறான்.

"என்ரை பேரைக் குடுத்திட்டியளோ அக்கா?"

"இல்லை. இவன்ரை பேரைக் குடுத்திட்டன்."

பிரணவன் நிமிர்ந்து ஜெரோசனைப் பார்த்தான். ஜெரோசன் நிலத்தைப் பார்த்தான். நாள் மாறாமல் தான் ஓடியது யசிந்தாவுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதையும், ஓடாதவனுடைய பெயர் இப்போது பொலிஸ் புத்தகத்தில் கிடப்பதையும் விளங்கிக்கொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் இரண்டும் குலுங்கின.

"நான் திரும்பப் போகவேணும் தம்பி" என்றாள் யசிந்தா. "இவனுக்கு ஒண்டும் ஆகக் கூடாது. திரும்பப் போய், நான் சொன்னது பிழை, ஓடினது நீ எண்டு..."

ஒரே நாளில் இரண்டு பெயர். யாகோப்புவோடு மூன்று.

பிரணவன் எழும்பினான். கம்பியில் கொழுவியிருந்த சேட்டை எடுத்துப் போட்டான். பொத்தான் பூட்ட விரல்கள் இடம் கொடுக்கவில்லை. ஜெரோசன் கிட்டப் போய்ப் பூட்டிவிட்டான்.

"நானும் வாறன் அக்கா. ஆனால் நீங்கள் என்ரை பேரைச் சொல்லவேண்டாம்" என்றான் பிரணவன். "அதை நானே சொல்லுறன்."

யசிந்தா நடு வளவில் நின்று சத்தமாக அழத் தொடங்கினாள். முகாமையாளர் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். காலையில் அவள் கையெழுத்து வைத்த புத்தகம் சாவகச்சேரியில் அப்படியேதான் இருந்தது, அதற்கு அவள்தான் பதில் சொல்லவேண்டும். அந்தப் பயம் ஒரு துளியும் குறையவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். சாரதிகள் இருவரும் அவளுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக வந்தார்கள்.